சிறப்பு ழகரக் கைதி

பெருமதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

தங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் சித்தியும் சுகம்தானே? சித்தியின் முழங்கால் மாடிப்படியோடு சமாதானமாகிவிட்டதா? இங்கே நானும் குழந்தையும் நலம் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். எழுதுமுன் ஒரு சந்தேகம் வந்து, தொட்டிலுக்குப் போய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். விடுகிறாள். ஆகவே நலம். வீட்டின் மூன்றாவது ஆள் எங்கே இருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். அவரை அங்கிருந்து எடுப்பதா வேண்டாமா என்பதுதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சிபாரிசுக் கடிதம் அல்ல. பழைய ஆட்சி உள்ளே தள்ளிய அரசியல் கைதிகளை மட்டும் புதிய ஆட்சி விடுவிக்கப் போகிறது, யார் அரசியல் கைதி என்று சொல்ல மூவர் குழு போட்டிருக்கிறார்கள், அந்த மூவரில் நீங்கள் ஒருவர், என் வீட்டுக்காரர் விஷயத்தில் நீதிபதி ஐயா ஆம் என்றும், சிறைக்குப் போய் வந்த அந்த அம்மா இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள், உங்கள் வாக்கு மட்டும்தான் பாக்கி, அதை நாளை மாலைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த நேரத்தில் அண்ணன் மகள் கடிதம் போட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் சித்தப்பா, அவரை விசாரித்தபோது நீங்கள் தூங்கிவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு வந்த முதல் வழக்கு, தலைக்கு நேர்மேலே மின்விசிறி, யாராக இருந்தாலும் அப்படித்தான். அவர் உள்ளே வந்து, நான் அத்தனை தடவை கண்ணைக் காட்டியும் கேட்காமல், "வணக்கம் மாமா, அத்தை சௌக்கியமா?" என்று உங்களைப் பார்த்துக் கேட்டாரே, அதுவரை விழித்துத்தான் இருந்தீர்கள். மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் போனீர்கள். மேலே வந்தபோது கன்னத்தில் கை, கண் மூடியிருந்தது. ஆழ்ந்து யோசிக்கிறீர்கள் என்று நீதிபதி நினைத்துக்கொண்டார். நான் உங்கள் வீட்டில் வளர்ந்தவள், எனக்குத் தெரியாதா? மூடிமறைப்பதற்காக அவர் உடனே நீதிபதியையும் "வணக்கம் மாமா" என்று கும்பிட்டு, அந்த அம்மாவையும் "வணக்கம் அத்தை" என்றது உங்கள் காதில் விழுந்திருக்காது. நீங்கள் பார்க்காத பகுதியை உள்ளது உள்ளபடி தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

நடந்தது என்ன? உங்கள் மாப்பிள்ளை போர்டு எழுதுகிறவர், சுவர் எழுதுகிறவர், கட்சி பார்க்காதவர். பேருந்து நிலையத்தின் நீளச் சுவரில் எழுதச் சொல்லி, அன்றைய அமைச்சரின் கட்சிச் செயலாளர் ஒரு சீட்டைக் கொடுத்தார். அதில் "மாண்புமிகு அமைச்சர் புகழ் ஒளிக!" என்று இருந்தது. நீங்கள் இப்போதே சிவப்புப் பேனாவை எடுத்திருப்பீர்கள். ஒளிர்க என்றல்லவா வர வேண்டும், ஒளிக என்றால் ஓடி மறைந்துகொள்க என்றல்லவா பொருள் என்பீர்கள். நியாயப்படி முதலில் உள்ளே போயிருக்க வேண்டியவர் அந்தச் செயலாளர்தான். ஆனால் தமிழாசிரியரான உங்களுக்குத் தோன்றுவது பெயிண்டருக்குத் தோன்றுமா? அவர் இத்தனை வருடமாக எத்தனையோ சுவர்களில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார், எந்தச் சுவரிலும் ள வந்ததில்லை, எல்லாச் சுவரிலும் சிறப்பு ழகரம்தான். "பாவம், பெரிய மனுஷன், அவசரத்துல ள போட்டுட்டாரு, சொல்லிக்காட்டினா சங்கடப்படுவாரு, நம்ம கைலயே திருத்திடுவோம்" என்று பெருந்தன்மையாக, ஆளுயர எழுத்தில், சிவப்பில், கறுப்பு நிழல் வேறு கொடுத்து, "மாண்புமிகு அமைச்சர் புகழ் ஒழிக!" என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்து, "இன்னைக்கு ஒரு தப்பைச் சத்தமில்லாம சரிபண்ணிட்டேன்மா" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டார். நானும் பிரஷ் கழுவுகிற மண்ணெண்ணெய் வாசனை குழந்தைக்கு ஆகாதே என்று கவலைப்பட்டேனே தவிர, எந்தத் தப்பு என்று கேட்கவில்லை. வேதியியல் படித்தவளுக்கு மண்ணெண்ணெய்தான் கண்ணில் பட்டது. தமிழ் படி, தமிழ் படி என்று நீங்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டதை அன்று கேட்டிருக்கலாம்.

காலையில் ஓட்டுநர்கள் பேருந்தை மெதுவாக்கி மெதுவாக்கிப் படித்தார்களாம், உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஜன்னல் பக்கம் வந்தார்களாம், "எவனோ ஒருத்தனுக்காவது தைரியம் வந்துச்சே" என்று ஒரு பெரியவர் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாராம். மத்தியானம் சுண்ணாம்பு வாளி வந்தது, சாயங்காலம் ஜீப் வந்தது. அப்போதும் பாருங்கள், அவர்களே இறங்கிவந்து, "கைப்பிழைன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போப்பா" என்றார்கள். இவர் மாட்டேன் என்றுவிட்டார். நான் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சினேன்.

"ஒரே ஒரு வரிங்க. எழுதிக் கொடுத்துட்டு வாங்க."

"பிழைன்னு என் கையெழுத்துல எழுதிக் கொடுத்தா, நாளைக்கு எவன் என்னை நம்பி போர்டு கொடுப்பான்?"

"நீங்க செஞ்சது பிழைதாங்க."

"நான் செஞ்சது திருத்தம். பிழை அவங்களுது. அவங்களை எழுதிக் கொடுக்கச் சொல்லு."

அவ்வளவுதான். இதை அந்தச் சிறை முழுக்க எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா? மன்னிப்புக் கேட்க மறுத்த மாவீரன் என்று பக்கத்து அறைக்காரர்கள் அவருக்குத் தங்கள் தலையணையைக் கொடுத்துவிட்டார்கள்.

இனி நீங்கள் தூங்கிய பகுதி. விசாரணைக்கு முன்னால் நான் அவருக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் கொடுத்தேன். "வேணும்னேதான் எழுதினேன்னு சொல்லுங்க, அது போதும்." அதற்கு அவர், "வேணும்னேதான் எழுதினேன், பின்ன தூக்கத்துலயா எழுதுவாங்க?" என்றார். உண்மையை மட்டுமே பேசுகிற மனிதரைக் குழுவுக்கு முன்னால் நிறுத்துவது எவ்வளவு ஆபத்து! நீதிபதி கேட்டார்: "கொடுத்த வாசகத்தை ஏம்ப்பா மாத்தின?"

"தப்பா இருந்துச்சுங்க."

"தப்புன்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. எல்லாரும் பாத்துட்டுச் சும்மாதான் இருந்தாங்க. என்னால சும்மா இருக்க முடியலைங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதனால என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேங்க. பெயிண்ட் கொஞ்சம் கூடப் பிடிக்கும். ழ பெரிய எழுத்துங்க."

"மறுபடி அதே சுவரைக் கொடுத்தா?"

"ழதாங்க. உயிரே போனாலும் அந்த இடத்துல ள போடமாட்டேன்."

நீதிபதி "உயிரே போனாலும்" என்பதை மட்டும் எழுதிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். ஆனால் அந்த அம்மா லேசுப்பட்டவரா? முன்னால் சாய்ந்து, "உங்க கொள்கை என்ன?" என்று கேட்டுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "வெள்ளையடிச்சு, நல்லாக் காயவிட்டு, அப்புறம்தான் எழுதணும்ங்க, அத்தை" என்றார் இவர். அங்கேதான் ஒரு வாக்கு போனது. "உண்மையான அரசியல் கைதிக்குத் தான் எதுக்கு உள்ள இருக்கோம்னு தெரிஞ்சிருக்கணும். இவருக்குத் தெரியலை" என்று அந்த அம்மா எழுதினார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் தெரிந்தே போனவர், தெரிந்தே அடி வாங்கியவர். போர்டு எழுதுகிறவர் வந்து பக்கத்தில் நின்றால் கோபம் வராதா?

ஆனாலும் சித்தப்பா, காலையில் நடந்த வழக்குகளை நீங்கள் விழித்திருந்து பார்த்தீர்கள். அந்தச் சைக்கிள் திருடர் என்ன சொன்னார்? "நான் எடுத்ததெல்லாம் ஆளுங்கட்சி சைக்கிள் மட்டும்தாங்க, முன்னால கொடி கட்டியிருக்கும், பாத்துத்தான் எடுப்பேன்" என்றார். கொள்கையோடு திருடியிருக்கிறார் என்று அவர் பெயர் பரிசீலனையில் இருக்கிறது. மேடையில் மூன்று மணி நேரம் ஆட்சியைக் கிழித்த அந்தப் பள்ளிக்கூட வாத்தியாரையோ, விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினார் என்று வழக்கு எழுதி உள்ளே வைத்திருந்தார்கள். காகிதத்தில் அரசியல் இல்லை, விளக்குதான் இருக்கிறது, ஆகவே தகுதியில்லை என்று திருப்பிவிட்டீர்கள். அவர் பாவம், வாசலில் நின்று, "நான் திட்டினது பத்தலையா?" என்று என்னிடம் கேட்டார். உள்ளே போட்டவன் இலக்கணம் பார்த்துப் போட்டானா? சுவரைப் பார்த்தான், பயந்தான், போட்டான். வெளியே விடும்போது மட்டும் எழுவாய் எது, பயனிலை எது, உள்நோக்கம் எது என்று பார்த்தால் எப்படி? அவர் மனதில் ஒன்றுமே இல்லை, ஒப்புக்கொள்கிறேன், மனதில் ஒன்றுமே இல்லாத நல்ல மனுஷன். ஆனால் அந்தக் காலையில் அந்தச் சுவரைப் படித்துவிட்டு வேலைக்குப் போனார்களே, அவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து போனார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதற்குத்தானே அவரைப் பிடித்தார்கள்? இது சிபாரிசு இல்லை. சும்மா யோசித்தேன்.

ஒரு நிமிடம். தும்மினாள். போய்ப் பார்த்தேன், ஒன்றுமில்லை, போர்வை மூக்கில் உரசியிருக்கிறது.

எனக்கு அவசரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை. இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு கையை விட்டுவிட்டாள். இன்னொரு கையையும் விட்டால் நடந்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் அவர் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று முதலில் கேட்பது, "நடந்துட்டாளா?" என்றுதான். "இல்லைங்க, நீங்க வந்தப்புறம்தான் நடப்பா" என்று வாயை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவள் கையை விடப் பார்க்கும்போதெல்லாம் ஓடிப்போய்த் தூக்கிவிடுகிறேன். இடுப்பு போய்விட்டது. அவளும் காலை உதைத்துக் கத்துகிறாள். ஆக வீட்டிலும் ஒரு ஆளை அடைத்துத்தான் வைத்திருக்கிறேன்; இவள் சாதாரணக் கைதியா அரசியல் கைதியா என்று உங்கள் குழுதான் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு இவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'அப்பா'. அதை அவரைப் பார்த்துச் சொல்வதில்லை. சாவிக்கொத்தோடு நிற்கிற வார்டரைப் பார்த்துச் சொல்கிறாள். வார்டர் கூச்சப்பட்டுச் சாவியைப் பின்னால் மறைத்துக்கொள்கிறார். முதல் தடவை அதைக் கேட்டு இவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அன்று சீக்கிரமே திரும்பி உள்ளே போய்விட்டார்.

ஆகவே சித்தப்பா, உங்கள் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள். உங்கள் மனச்சாட்சிக்கும் இவளைத் தெரியும், போன தடவை உங்கள் சட்டையில்தான் கக்கினாள். இந்தக் கடிதத்தில் ஒற்று மிகாத இடங்களைச் சுழித்துத் திருப்பி அனுப்புகிற வேலையை வாக்குப் போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சித்திக்கு என் அன்பு. உங்கள் இருவர் ஆசியும் எங்கள் மூன்று பேருக்கும், மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும்போது கிடைக்க வேண்டும் என்று வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் அன்பு மகள்.

பின்குறிப்பு (காலையில் எழுதுவது): சித்தப்பா, மேலே உள்ளதை எல்லாம் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். இப்போதுதான் வார்டர் மூச்சிரைக்க வந்துவிட்டுப் போனார். கைதிகளை விடுவிக்க நாளைக்குப் புதிய அமைச்சர் நேரிலேயே வருகிறாராம், சிறையின் முன்சுவரில் வரவேற்பு எழுத வேண்டும் என்று நேற்று சாயங்காலம் சிறை அதிகாரி இவர் கையில் பிரஷ்ஷைக் கொடுத்திருக்கிறார். அதிகாரி எழுதிக் கொடுத்தது, "அமைச்சரே, வருக! இரங்குக!" இவர் பார்த்தாராம். "கார்ல வர்றவரு வந்ததும் கீழ இறங்கணும், சின்ன ர போட்டா எப்படி இறங்குவாரு?" என்று, ஆளுயர எழுத்தில், கறுப்பு நிழலோடு, "அமைச்சரே, வருக! இறங்குக!" என்று திருத்திவிட்டார். பதவியை விட்டே இறங்கச் சொல்கிறது சுவர் என்று காலையிலிருந்து அங்கே பேருந்துகள் மெதுவாகப் போகின்றனவாம். விஷயம் கேள்விப்பட்டு அந்த அம்மா, "இப்பத்தான் இவர் மேல எனக்கு நம்பிக்கை வந்துச்சு" என்று தன் வாக்கை ஆம் என்று மாற்றிக் கொடுத்துவிட்டாராம். விடுதலையோ பழைய ஆட்சியின் கைதிகளுக்குத்தான். இவர் அரசியல் கைதி என்று தீர்மானமானால் இப்போது இந்த ஆட்சிக்குக் கைதி! தயவுசெய்து கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இடையின ரகரம், வல்லின றகரம், சிறப்பு ழகரம் எல்லாவற்றையும் அந்த இருவருக்கும் அதிகாரிக்கும் நடத்திக் காட்டி, இவருக்குக் கொள்கையும் இல்லை, தைரியமும் இல்லை, மொத்தமும் வெறும் எழுத்துப்பிழை, கைப்பிழை என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்துவிடுங்கள். வார்டர் பேசிக்கொண்டிருந்தபோது நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேனா, இவள் அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்து "அப்பா" என்று சுவரை விட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்தே விட்டாள். கால் தடுமாறியதுதான், நடை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவள் வைத்தது நடை என்பதையும், அவர் எழுதியது பிழை என்பதையும் மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள், சித்தப்பா.