சௌக்கத் அலி இலவம்பஞ்சு மெத்தையில் கிடந்த படலம்

வாழி, வின்ச்சுப்பிடி வலக்கை ஏந்திய வீரன்! வாழி, உப்புக்காற்றும் கரிப்புகையும் ஊட்டி வளர்த்த ராயபுரத்து ஆண்தகை! முப்பத்தோர் ஆண்டுகள் துறைமுகத்தில் பாரந்தூக்கும் வின்ச்சின் முன் நின்று, பர்மா அரிசியையும் சீமை இரும்பையும் கப்பலின் வயிற்றிலிருந்து அந்தரத்தில் தூக்கிக் கரையில் இறக்கிய, யுத்தகாலத்தில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஓடிய அந்த ஏப்ரல் மாதத்திலும் இருந்த இடத்தை விட்டு அசையாத, பெருந்தோள் சௌக்கத் அலியின் சரிதத்தை உரைக்கப் புகுந்தோம். அசையாததற்குக் காரணம் வீரம் என்பார் அவர்; வண்டி கிடைக்கவில்லை என்பார் அவர் மனைவி. இருவர் சொல்லையும் தலைமேல் கொண்டோம். செந்தமிழே, எம் நாவில் வந்து அமர்வாயாக. சற்று ஒடுங்கியே அமர்வாயாக. இந்தக் கதையில் எல்லோரும் படுத்துக்கொள்ளப் போகிறார்கள், இடம் பற்றாது.

அத்தகைய வீரனை வீழ்த்தியவன் யார்? வாளேந்தி வந்தானில்லை, தேரேறி வந்தானில்லை. மூட்டுவாதம் எனும் பெயர் பூண்ட அம் மாபாவி, அவர் ரிட்டையரான மறுவருடம் ஐப்பசி மழையோடு நடந்தே வந்து, முதலில் வலது முழங்காலிலும் பின்னர் இடது முழங்காலிலும் பாளையம் இறங்கி, இடுப்பைக் கோட்டையாக்கிக் கொடியும் ஏற்றிவிட்டான். டன் டன்னாகச் சரக்கைத் தூக்கியவருக்குத் தன்னைத் தூக்க வழியில்லாமல் போயிற்று. விடியலில் சுபுஹு தொழுகைக்குப் பாங்கு ஒலித்ததும் அவரைப் பாயிலிருந்து எழுப்பி நிறுத்துவது மனைவி பதுருன்னிசாவின் வேலையாயிற்று. கணவரின் இரு கைகளையும் பற்றி, சுவரில் ஒரு காலை உதைத்து ஊன்றி, பிஸ்மில்லா சொல்லி இழுப்பார் அந்த அம்மாள். இழுக்கும்போது அவர் முகம் ஒரு பக்கமாகச் சுளிக்கும். சௌக்கத் அலி அதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்கு அது தாங்கமுடியாத வெட்கமாக இருந்தது. ஒரே ஒரு விடியலிலாவது யார் கையும் பிடிக்காமல் தானாக எழுந்து நிற்க வேண்டும். அதற்குமேல் இந்த உலகத்தில் அவர் கேட்டது எதுவுமில்லை.

நெடுநாள் யோசித்து அவர் கண்ட முடிவு, குற்றம் பாயினுடையது என்பதே. கல்லைப்போல் கிடக்கும் தரையும் அதன்மேல் பெயருக்கு விரித்த கோரைப்பாயும் அல்லவா பகைவனுக்குச் சோறிட்டு வளர்க்கின்றன? மெத்தென்ற மெத்தை ஒன்று வாய்க்குமாயின், மூட்டுகள் இளகும். இளகிய மூட்டுகள் மடங்கும். மடங்கிய மனிதன் எழுவான். தர்க்கத்தில் எள்ளளவும் ஓட்டையில்லை என்று அவருக்குப் பட்டது. ஆகவே ஒரு திங்கட்கிழமை காலை, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எட்டுத் திக்கும் கேட்கச் சபதம் உரைத்தார்.

"இனி இந்தப் பாயில முதுவு வெச்சேன்னா நான் வின்ச் டிரைவரே இல்ல."

"இப்பவே இல்லியேங்க," என்றார் பதுருன்னிசா. "ரிட்டேராயி நாலு வருசமாவுது."

இத்தகைய சொல்லம்புகளுக்கெல்லாம் அஞ்சாத அப் பெருமகன், கைத்தடி ஊன்றி, துருக்கித் தொப்பி சூடி, வழியில் நான்கு இடங்களில் நின்று மூச்சுவாங்கி, கல்மண்டபத்தில் தாவூதின் மெத்தைக் கடை எனும் போர்க்களம் புகுந்தார்.

அக் களத்தின் மாட்சியை என்னென்பது! பஞ்சடிக்கும் ஆளுயர வில்லைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, அதன் நரம்பை மரக்கட்டையால் தாவூது அடிக்கும்தோறும் டொய்ங் டொய்ங் என்று எழுந்த நாணொலி மீன்சந்தை இரைச்சலையும் அடக்க, அடிபட்ட பஞ்சு வெண்மேகமாய்க் கிளம்பித் தாவூதின் புருவத்திலும் தாடியிலும் படிய, நாற்பது வயதான தாவூது எண்பது வயது ஞானிபோல் விளங்கினான். பார்த்தவர் ஸலாம் சொல்லி வணங்கி, பிறகு விலை கேட்டுத் தெளிந்தார்கள். அக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மெத்தையைத் தரையில் விரித்துப்போடுவான்; வாங்க வந்தவர் படுத்துப் பார்க்கலாம்; படுத்திருக்கும்வரை அந்த மெத்தை அவர் பேச்சில் இருப்பதாகப் பொருள், வேறொருவர் அதற்கு வாய்திறக்கக்கூடாது. எழுந்துவிட்டால் வேண்டாமென்று விட்டதாக அர்த்தம். எழாமலே பேரம் முடிக்க வேண்டும். தாவூதின் வாப்பா காலத்திலிருந்து இதுதான் சட்டம்.

சௌக்கத் அலி முதலில் தேங்காய்நார் மெத்தையைக் கைத்தடியால் குத்திப் பார்த்து, கப்பல் கட்டும் கயிறு என்று இகழ்ந்து ஒதுக்கினார். நாட்டுப்பஞ்சு மெத்தையைத் தடவி, உள்ளே கட்டி கட்டியாக யாரோ கொழுக்கட்டை ஒளித்து வைத்திருப்பதாகக் குற்றஞ்சாட்டினார். அப்போதுதான் சுவரோரம் அது தென்பட்டது. திருவொற்றியூர் மாப்பிள்ளை ஒருவருக்கென்று தைத்து, பந்தல் போட்ட பிறகு சம்பந்திகள் சண்டைபோட்டுக் கல்யாணமே நின்றுபோனதால் கடையிலேயே தங்கிவிட்ட, ஒன்றரைச் சாண் உயர, சிவப்புப் பட்டையும் நீலப் பட்டையும் மாறிமாறி ஓடும், கலப்படமற்ற இலவம்பஞ்சு மெத்தை. அந்த வருடத்து இலவம்பஞ்சு அத்தோடு தீர்ந்தது. இனி அடுத்த கோடையில்தான் காய் வெடிக்கும்.

தாவூது அதை விரித்தான். வீரர் தடியைச் சுவரில் சாய்த்தார், தாவூதின் தோளைப் பற்றிக் குனிந்தார், பாதி வழியில் முழங்கால்கள் கைவிட, மீதி வழியை விழுந்தே கடந்தார். விழுந்தது தெரியவில்லை. மெத்தை அவரை அள்ளி வாங்கிக்கொண்டது. இடுப்பு ஓரிடத்திலும் முதுகு ஓரிடத்திலும் முழங்கால்கள் தத்தம் குழிகளிலுமாக இறங்கி அமர, மூன்று வருடமாக ஓயாமல் குடைந்துகொண்டிருந்த வலி சட்டென்று வாய்மூடியது. சௌக்கத் அலியின் கண்கள் கலங்கிவிட்டன. வெற்றி, வெற்றி என்று முரசம் அறையப் போனோம். அறைவதற்குள் அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

கையை ஊன்றினார், கை முழங்கைவரை பஞ்சில் புதைந்தது. புரளப் பார்த்தார், குழியின் இரு கரையும் உயர்ந்து நின்று உள்ளேயே தள்ளிவிட்டன. காலை மடக்கப் பார்த்தார். அம் முழங்கால்களின் குணம் முன்னமே கூறப்பட்டது. அந்தோ, கரையில் கவிழ்ந்த ஆமைபோல் மல்லாந்து, கூரையில் ஊசலாடும் வில்லைப் பார்த்துக் கிடந்தார் கோமான்.

"இன்னா பாய், எப்டி கீது?" என்றான் தாவூது.

"பாக்கணும்," என்றார் சௌக்கத் அலி. "மெத்த விசயத்துல அவசரப்படக் கூடாது."

தாவூது மெச்சினான். அரை மணி கழித்து மீண்டும் கேட்டான். மீண்டும் அதே விடை. தூக்கிவிடு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது காரியம். ஆனால் வீட்டில் பட்டுக்கொண்டிருந்த வெட்கத்தைக் கடைத்தெருவுக்கும் கொண்டுவர அவருக்கு மனம் வரவில்லை.

இந் நிலையில், தண்டையார்பேட்டைத் திசையில் புழுதி எழுந்தது. கரிமலை பிளந்த கையினன், நெருப்புக்கு நேர்நின்ற நெஞ்சினன், இருபத்தெட்டு ஆண்டுகள் ரயில் எஞ்சினுக்குக் கரியள்ளிப் போட்டுப் போட்டே இரு முழங்காலையும் மூட்டுவாதத்துக்குத் தத்தம் செய்த நீலமேகம் என்பான், கால்களை அகற்றி அகற்றி வைத்து, பாரமேற்றிய மாட்டுவண்டிபோல் ஆடியசைந்து வந்து சேர்ந்தான். வந்தவன் கண்ணும் சிவப்புப் பட்டை நீலப் பட்டையிலேயே பதிந்தது.

"பாய், கொஞ்சம் எயுந்தீன்னா நானும் படுத்துப் பாப்பேன்," என்றான் மரியாதையாகவே.

"எயுந்திருக்கறதா இல்ல," என்றார் சௌக்கத் அலி. பொய்யுமில்லை அது.

அம் மொழி நீலமேகத்தின் செவியில் போர்ப்பறையாய் விழுந்தது. அறைகூவலுக்கு அஞ்சிப் பின்வாங்கும் குலத்தில் பிறந்தவனா அவன்? மெத்தை அகலமானது, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்குமாகத் தைத்தது. மறுபாதி வெறுமையாய்க் கிடந்தது. துண்டை உதறித் தோளில் போட்டான், தாவூது தடுக்குமுன் சரிந்தான், மெத்தை அவனையும் அள்ளி வாங்கிக்கொண்டது. ஒரு மெத்தையில் இரண்டு உடம்பு கிடந்தால் யார் பேச்சில் இருப்பதாகப் பொருள் என்பதற்குத் தாவூதின் வாப்பா சட்டம் எதுவும் விட்டுச்செல்லவில்லை. வில்லடிப்பதை நிறுத்திவிட்டுத் தாவூது தலையைச் சொறிந்தான். யார் முதலில் எழுகிறாரோ அவர் தோற்றார் என்று தீர்ப்புரைத்தான்.

அன்று கல்மண்டபத்தில் மூண்ட சமரைப்போல் ஒரு சமரை யாம் அறியோம். இரு தரப்பிலும் ஒரு விரலும் அசையவில்லை. கடைவாசலில் கூட்டம் சேர்ந்தது. ரிக்‌ஷாக்காரர்கள் சவாரியை மறந்தனர். ஹார்பர் கூலிகள் பாய் பக்கமும், ரயில்வே ஆட்கள் நைனா என்று தாங்கள் அழைக்கும் நீலமேகத்தின் பக்கமும் அணிவகுத்தனர். ஈயொன்று சௌக்கத் அலியின் மூக்கில் அமர்ந்து, அங்கிருந்து நீலமேகத்தின் மூக்குக்குப் பறந்து, இருவரையும் சமமாகவே நடத்தியது. முகத்துவாரக்குப்பத்து மீன் விற்றுவிட்டுக் காலிக்கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த கன்னியம்மா, கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அமர்ந்து, போரின் நிலவரத்தைத் தெருவுக்கு அறிவிக்கும் பொறுப்பைத் தானே ஏற்றாள்.

"பாய் கண்ண மூடிக்கினாரு. நைனா தொறந்துகினு கீறாரு. இன்னாத்துக்கு இந்த ரோசம், ஒரு மெத்தைக்கு. உடமாட்டாங்க போலக்கீது."

வெயில் உச்சி ஏறிற்று. கூட்டத்தின் இரைச்சல் மிகுந்த ஒரு சமயம் பார்த்து, நீலமேகம் தலையை இம்மியளவு திருப்பி, உதடு அசையாமல் பேசினான்.

"பாய், உன்னாண்ட ஒண்ணு கேக்கவா. உன்னால எயுந்திருக்க முடியுதா?"

சௌக்கத் அலியும் உதடு அசையாமலே விடை சொன்னார். "இல்ல நைனா."

"எனக்கும் முடில."

இதைக் கேட்டதும் சௌக்கத் அலிக்கு வயிறு குலுங்கிற்று. எதிரியின் வயிறும் குலுங்கிற்று. இரு பெருவீரரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்க, மெத்தை அதிர, கோபாவேசத்தால் துடிக்கிறார்கள் என்று கன்னியம்மா தெருவுக்கு அறிவித்தாள். அறிவித்துவிட்டு, இது இரத்தத்தில் முடியும் என்று பயந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே தன் வாடிக்கைக்காரியான பதுருன்னிசாவிடம் ஓடினாள்.

வந்தார் பதுருன்னிசா. சங்கில்லை, கொடியில்லை, அடுப்பங்கரை ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி, வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டபடி வந்து, கூட்டத்தை விலக்கி, மெத்தையில் கிடந்தவர்களை ஒருமுறை பார்த்தார். மூன்று வருட விடியல்களை அறிந்த அந்த அம்மாளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கணவரின் இரு கைகளையும் பற்றினார், தாவூதின் சுவரில் காலை ஊன்றினார், பிஸ்மில்லா என்றார். ஹார்பர் வின்ச் எதுவும் தூக்காத நேர்த்தியில் சௌக்கத் அலி எழுந்து நின்றார். சட்டப்படி அவர் தோற்றார். ஆனால் பதுருன்னிசா நிறுத்தவில்லை.

"நீயும் கைய குடு அண்ணே," என்று நீலமேகத்தையும் இழுத்து நிறுத்தினார். சட்டப்படி அவனும் தோற்றான்.

தாவூது ஓடிப்போய், பஞ்சுமூட்டை அடுக்கும் உயரமான மர பெஞ்சு ஒன்றை இழுத்துப்போட்டு, தோற்ற இருவரையும் அதில் உட்காரவைத்தான். இருவர் பாரத்தையும் இழுத்து மூச்சிரைத்த பதுருன்னிசா, உட்கார வேறிடம் காணாமல், வெறுமையாய்க் கிடந்த மெத்தையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஒரு கணம் சாய்ந்தார். சாய்ந்தவர் தூங்கிப்போனார். தெருவில் மாட்டுவண்டி கிறீச்சிட்டது, துறைமுகத்தில் கப்பல் ஊதிற்று, கன்னியம்மா நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். ஒன்றுக்கும் அந்த அம்மாள் அசையவில்லை.

சௌக்கத் அலி அவரை எழுப்பலாமென்று போனார். அருகில் நின்றபின்தான், பெஞ்சின் விளிம்பில் கையூன்றி, யார் உதவியுமின்றித் தானே எழுந்து வந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. மூன்று வருடமாக ஏங்கிய வெற்றி அது. கூட்டத்தில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. முரசறைய வேண்டிய யாமே கன்னியம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்தோம். அதைச் சொல்ல அவர் மனைவியின் முகத்தை நோக்கிக் குனிந்தார். தலைமாட்டில் கிடந்த அந்த அம்மாளின் கைகள் கண்ணில் பட்டன. இரண்டு மணிக்கட்டும் வீங்கி, பளபளத்து, விரல் கணுக்கள் ஒவ்வொன்றும் சுண்டைக்காயாய்ப் புடைத்திருந்தன. தன் முழங்காலில் தினமும் பார்க்கும் அதே வீக்கம். எவ்வளவு காலமாகவோ. அந்தக் கைகளைத்தான் அவர் ஒவ்வொரு விடியலிலும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தார். தன்னைப் பற்றியே மூன்று வருடம் யோசித்த மூளையின்மேல் அவருக்கு அசாத்தியக் கோபம் வந்தது.

"எயுப்பட்டா பாய்?" என்றான் தாவூது.

"வாணாம்," என்றார் சௌக்கத் அலி. "படுத்திருக்கற வரைக்கும் அவங்க பேச்சுலதானே கீது."

நீலமேகம் தன் துண்டை எடுத்து அந்த அம்மாள் முகத்தில் அமர்ந்த ஈயை ஓட்டினான். கூட்டம் மெல்லக் கலைந்தது. திசைகள் எட்டும் அடங்க, வில்லின் நாண் ஓய, பெரும்போர் கண்ட அக் களத்தில் பேரமைதி பரவ, இருபுறத்து வீரரும் ஒரே பெஞ்சில் அருகருகே அமர்ந்து, ஒரு பெண்மணி விழிப்பதற்காக பிற்பகல் அஸர் தொழுகை நேரம்வரை காத்திருந்த அப் பெருங்காட்சியை உரைக்க ஆயிரம் நாவு படைத்தோர்க்கும் அரிதாமே.

மெத்தையைப் பதுருன்னிசாவுக்கு வாங்கிக்கொடுத்துவிட்டு, சௌக்கத் அலி அன்றிலிருந்து வீட்டில் அதேபோன்ற ஒரு மர பெஞ்சில் படுத்துக்கொண்டார்.