டிரஃபல்கரைத் துடைத்தவன்

பயம் வந்தால் சிலருக்குக் கால் நடுங்கும். எனக்குக் கை வேலை செய்யத் தொடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் வாயும் சேர்ந்துகொள்ளும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இந்த இரண்டும் கூட்டுச் சேர்ந்து என்னைக் கவிழ்த்தன.

கோலியர்ஸ் வுட்டில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் அப்போது வேலை. முதலாளி சிவா அண்ணை, சுவிஸ் உணவகங்களில் பத்து வருடம் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்தவர். "இந்த ஒரு வேலையை ஒழுங்கா முடி. நிரந்தர வேலையெண்டு கடிதம் தாறன்" என்றிருந்தார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் கொழும்பில் காத்திருந்த என் மனைவிக்கு விசா இல்லை. (கல்யாணமாகி இருபத்தாறாம் நாள் பிரிந்தவர்கள் நாங்கள்.)

வேலை, முன்னாள் கடற்படையினர் சங்கமொன்றின் தேக்குப் பலகை. ஒரு போர்க்கப்பல் வென்ற சண்டைகளின் பெயரும் வருடமும் அதில் பொன்னெழுத்தில் வரவேண்டும். முதல் வரி 'டிரஃபல்கர் 1805': பிரெஞ்சு, ஸ்பானியக் கடற்படைகளை இங்கிலாந்து தோற்கடித்த கடற்சண்டை. அங்கே சண்டை பிடித்த கப்பல் எப்போதோ விறகாகியிருக்கும். ஆனால் அதே பெயரில் பிறகு வருகிற கப்பல், ஒரு வெடிகூட வைக்காமல், பாட்டன் பெருமை முழுவதையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும். தோற்ற சண்டைக்கு, எத்தனை பேர் செத்திருந்தாலும், பலகையில் இடமில்லை. (ஊரில் எங்கள் மீன்பிடி வள்ளங்களைச் சுட்ட இலங்கைக் கடற்படையும் எங்கேயோ ஒரு பலகை வைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் பொன் தீட்டினேன்.)

லொறியோ மா அரைக்கும் மெசினோ, புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காவிட்டால் எனக்கு மனம் கேட்காது. அதுவும் மனைவியின் விசாவைச் சுமக்கிற சாமான்! கடைச் சாமிப்படத்தடியிலிருந்து குங்குமம் எடுத்து, சண்டைக்கு ஒன்றாக ஆறு பொட்டு வைத்துக் கும்பிட்டேன்.

"டேய், சங்கத்துக் கப்டன் பலகை எடுக்க வந்திட்டார், கார் நிப்பாட்டுறார்! எல்லாம் காஞ்சிட்டுதோ?" என்று வாசலிலிருந்து கத்தினார் சிவா அண்ணை.

"ஓம் அண்ணை, நல்லாக் காஞ்சிட்டுது!"

காயவில்லை. பொட்டைத் தொட்டால் குங்குமம் பொன்னோடு இழுபட்டது. என் கை, பெயின்ற் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தது. முதல் வரியே காணாமல் போயிற்று. பிரெஞ்சுக்காரனும் ஸ்பானியனும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு பழைய பெனியனால் செய்து முடித்தேன்.

கப்டனுக்கு எண்பது வயதிருக்கும். பலகையை நெடுநேரம் பார்த்தார்.

"டிரஃபல்கர் எங்கே? இந்தச் சிவப்பு என்ன?"

இனி வாயின் முறை. "செத்த மாலுமிகளின் இரத்தம், சேர்" என்றேன், என் ஓட்டை ஆங்கிலத்தில்.

அவர் கோபப்படவில்லை. "இந்த மரியாதை கப்பலுக்கு. மனிதர்களுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிவா அண்ணை தலையில் கை வைத்தபடி சொன்னார்: "உனக்குக் கடிதமோ? உன்னை வைச்சிருந்தா நான்தான் திரும்பிக் கோப்பை கழுவ வேணும். போடா."

அன்றைக்கே கொழும்பிலிருந்து தொலைபேசியில் மனைவி கேட்டாள்: "கடிதம் தந்திட்டினமோ?"

"இன்னும் காயேல்லை" என்றேன்.

வேறு வேலை, வேறு கடிதம் என்று ஒன்றரை வருடம் போனது. இப்போதும் எங்கள் அல்பத்தைப் புரட்டுகிறவர்களுக்குக் கல்யாணப் படத்துக்கு அடுத்த பக்கமே அவள் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய படம்தான்.

"இடையில ஒரு படமும் இல்லையோ, அன்ரி?"

"அப்ப இவர் டிரஃபல்கரில சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டவர்" என்பாள் மனைவி.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முதலில் சிரிப்பவன் நான்தான். அவள் மட்டும் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.