மூன்றில் இரண்டு சீட்டு

கோவில்பட்டி,
9-ஆம் தேதி, செவ்வாய்.

அன்புள்ள டேவிட்சன் அண்ணனுக்கு,

ஆஸ்லின் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அவரும் சுகம். நாக்பூரில் நீங்களும் எஸ்தர்ராணி மதினியும் சுகமாயிருக்க வேண்டும் என்பதே என் ஜெபம். ஃபோனில் கேட்கக் கூடாத விஷயம் என்பதால் கடிதம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உளுந்து டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். அடுத்து துவரை, அடுத்து பாசிப்பயறு. அவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து, "கட கிட வைக்கப் போறியாட்டி?" என்றார். நான் தேடியது ஒரு சீட்டை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உங்களிடம் ஒட்டிய கவர் ஒன்று தந்தேனே, அதுபோல மூன்று சீட்டு உண்டு. கம்ப்யூட்டரில் என் ஆராய்ச்சிக் கோப்பைப் பூட்டிய சாவியை, அதாவது கடவுச்சொல்லை, மூன்றாகப் பிரித்து எழுதியிருந்தேன். ஒரு சீட்டு மட்டும் கையில் இருந்தால் ஒன்றும் ஆகாது, ஏதாவது இரண்டு சேர்ந்தால்தான் திறக்கும். இருபது வருஷமாக வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒருமுறை வீட்டிலும் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். ஒன்று உங்களிடம், ஒன்று நாத்தனார் வினோலியாவிடம், ஒன்று என்னிடம். என்னுடையதை யாருமே கண்டுபிடிக்க முடியாத இடத்தில் ஒளித்து வைத்தேன். பதினோரு நாளாக நானும் கண்டுபிடிக்கவில்லை.

கோப்பில் இருப்பது ரகசியத் தகவலைக் காக்க நான் ஏழு வருஷம் உழைத்து எண்களால் உருவாக்கிய பூட்டும், அதை யாராலும் உடைக்க முடியாது என்பதற்கு முப்பத்தெட்டுப் பக்க நிரூபணமும். இருபத்துநான்காம் தேதி பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். அதை முழுசாகக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பழைய லேப்டாப்பில் திறந்தே கிடந்தது. கல்லூரியில் புதுசு தந்து பழையதை வாங்கி அழித்துவிட்டார்கள். அழிக்க வேண்டும் என்று விதி எழுதிக் கொடுத்ததும் நான்தான். நகல் நாலு இருக்கிறது. நாலையும் அதே சாவியால்தான் பூட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டு சுப்புத்தாயக்கா ஆடு மேய்க்கப் போகிற வழியில் நின்று கேட்டுவிட்டு, "ஊருக்கெல்லாம் பூட்டுப் போடச் சொல்லிக்குடுக்கவ வீட்டுல சாவியக் காணுமாக்கும்" என்று சொல்லிப் போனார். லாக் நம்பரை மறந்துவிட்டு வந்து நின்ற அவர் ஃபோனை நாலு தடவை திறந்து கொடுத்தவள் நான்.

சரி, வினோலியாவிடம் வாங்கலாம் என்று போனால், அவள் சீட்டை ஆலயத்தில் ஜெப விண்ணப்பம் எழுதிப் போடும் பெட்டியில் போட்டிருக்கிறாள். ஏம்மா என்றேன். "இல்ல மைனி, பிரிச்சுப் பாத்தா புரியாத எழுத்தா இருந்துச்சு. ஆஸ்பத்திரி நம்பருன்னு நெனச்சேன். நீங்களும் அழுத மொகத்தோடதான குடுத்தீங்க" என்கிறாள். பாஸ்டர் இஸ்ரவேலிடம் ஓடினேன். மாசக் கடைசியில் எல்லாச் சீட்டையும் எரித்துவிடுவார்களாம். என் முகத்தைப் பார்த்து அவரே பதறி, "எரிக்கதுக்கு முந்தி எழுத்தெழுத்தா வாசிச்சேம்மா, சபையே ஆமென் சொல்லிச்சு. யூடியூப்ல கெடக்கு பாருங்க" என்றார். பார்த்தேன். ரகசியத்தை வாய்விட்டுச் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறவள், என் ரகசியத்தை ஹெட்போன் மாட்டிக்கொண்டு யூடியூப் பார்த்து எழுதி எடுத்தேன். நாற்பத்தேழு பேர் பார்த்திருக்கிறார்கள், மூன்று பேர் கைகூப்பியிருக்கிறார்கள்.

ஆக ஒன்று கிடைத்தது, இனி உங்களுடையதுதான் வேணும். அண்ணா, கவரைப் பிரிக்காதீங்க, படம் எடுக்காதீங்க, வாட்ஸப்ல அனுப்பிராதீங்க. மதினிகிட்டயும் வாசிச்சுக் காட்ட வேண்டாம். அன்றைக்கு அதைச் சட்டைப் பையில் வைத்தீர்கள், மறுநாள் மதினி அந்தச் சட்டையை ஊறப்போட்டதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. அது வேறு சட்டையாக இருக்கட்டும். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதினிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் வீட்டு வாசலைக் காப்பாராக.

தங்கை,
ஆஸ்லின்

பி.கு.: கவரை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். மேலே ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். போன வியாழக்கிழமை, என் பூட்டு ஒவ்வொரு முறையும் இரண்டு எண்களைத் தானே தேர்ந்தெடுத்துப் பூட்டும் விதத்தை வகுப்பில் சொன்னபோது, கிருஷ்ணப்ரியா என்ற பிள்ளை, "மேம், அந்த ரெண்டும் ஒரே எண்ணா வந்துட்டா?" என்று கேட்டாள். அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்றேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே பார்த்துவிட்டேன். அப்படி வந்தால் என் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். ஏழு வருஷமாக எனக்குத் தோன்றவில்லை. கோப்பைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, எந்தப் பக்கத்தில் தப்பு என்று எனக்குத் தெரியும். அது தெரிந்தும்தான் இன்று காலை உளுந்தைக் கொட்டினேன். சீட்டைத் தேட வேண்டாம் அண்ணா. இருபத்துநான்காம் தேதி உள்ளே போய் உட்கார்ந்ததும், அவர்கள் கேட்கும் முன், என் நிரூபணம் தப்பு, கண்டுபிடித்தது என் மாணவி என்று அவள் பேரையும் சொல்லப்போகிறேன். வீட்டில் அவருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.