கட்டிலில் கிடந்தவர் எழுதிய மலைக் கடிதம்

நண்பர் பாலச்சந்திரனிடம் பொய்யாகச் சொன்ன இடுப்புவலி, மூன்றாம் நாள் வரதராசாவுக்கு உண்மையாகவே வந்து சேர்ந்தது. சுவிஸின் இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினியில் இருபது வருடம் அண்டா தூக்கி வராத வலி, ஒரு ஞாயிறு மலை ரயிலில் போய்ப் பனியில் ஏறி இறங்கியதில் வந்துவிட்டது.

கூட்டிப்போனவள் மகள் வேணுகா. பேர்ணில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களின் பகிடி நாவல்களில் ஒரு குடும்பம் குதிரை வண்டியில் ஊர் சுற்றும், ஆளாளுக்குக் கடிதம் எழுதும். ஒருவருக்குச் சொர்க்கமான சத்திரம் மற்றவருக்கு மூத்திர நாற்றம். அதேபோல் வீட்டாரோடு போய் ஆளாளுக்கு எழுதிவரச் சொல்லியிருந்தார் பேராசிரியர்.

"உண்மையான ஆளுக்கு எழுதுங்கோ அப்பா. அப்பதான் உண்மை வரும்."

வந்தது. லாங்கன்தாலில் இருக்கும் பாலச்சந்திரனுக்கு நான்கு பக்கம். அதே ஞாயிறுதான் பாலச்சந்திரனின் மகள் யாதவி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு விழா. "கட்டிலால எழும்பேலாது" என்று வரதராசா போகாமல் விட்டது அதற்குத்தான்.

பேராசிரியரிடம் கொடுக்கப் படமும் வைத்து மேசையில் கிடந்த உறையை மனைவி சந்திரமதி முத்திரை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டாள்.

"விலாசம் எழுதின கடிதத்தை வேற என்ன செய்யிறது? ஊறுகாய் போடுறதோ?"

"என்ர படிப்பு!" என்று வேணுகா கத்தினாள். "இன்னொருக்கா எழுதித் தாங்கோ அப்பா."

"இனி உயில்தான் எழுதுவன்."

இரண்டு நாளில் போன் அடித்தது; பாலச்சந்திரன்.

"என்னடாப்பா, கட்டிலோடயே மலை ஏறினியோ?"

"அது கதை மச்சான். பிள்ளையின்ர படிப்புக்குப் புழுகினது."

"உள்ளுக்குப் படமும் கிடக்கு. பனியில குந்தியிருந்து புட்டுத் தின்னுறாய்."

"அது போன வருசம்..."

"அடியில திகதி அடிச்சிருக்கு. நானூறு சனம் வந்தது. உன்ர கதிரை மட்டும் வெறுமை."

வைத்துவிட்டார். அகதி முகாமில் ஒரே கம்பளியை இவரோடு போர்த்திய மனிதர்.  அடுத்த லீவு நாளில் வரதராசா இடுப்பைப் பிடித்துக்கொண்டு லாங்கன்தாலுக்கு ரயில் ஏறினார்.

"பிழைதான் மச்சான். அண்டைக்குச் சொன்ன வலி பொய். இப்ப இருக்கிறது உண்மை."

"வந்தவன் போனவன் எல்லாம் கேட்டவன், வரதன் எங்க எண்டு. நான் எந்த முகத்தோட நிக்கிறது?"

"சரி, வீடியோவைப் போடு. கண் நிறையப் பாப்பம்."

பாலச்சந்திரன் இருமினார். "அது... இன்னும் வரேல்லை."

யாதவி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"உன்ர கொண்டாட்டத்துக்கு வராத மாமாவை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

அவள் தகப்பனை ஒருமுறை பார்த்தாள்.

"நான் மாட்டன் எண்டதால சாமத்தியவீடு நடக்கவேயில்லை மாமா, வாறம் எண்ட ஆக்களுக்கு மட்டும்தான் அப்பா அதை அறிவிச்சவர், அண்டைக்கு நாங்களும் அதே மலை ரயில்ல, பின்பெட்டியில, உங்களைக் கண்டிட்டுக் குனிஞ்சு இருந்தனாங்கள், அதால உங்களுக்கு ஒரு கடிதம் கடன்பட்டிருக்கிறது அவர்தான்."