சிலிண்டரைச் சுத்தம் செய்த குற்றம்

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சானுக்கு,

உங்கள் தங்கை வீட்டில் எல்லோரும் சௌக்கியம். ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது மட்டும்தான் இல்லை. உங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

என் பெண், அதாவது உங்கள் மருமகள், திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு குட்டி சிலிண்டரை, மறுநாள் வால்வு மாற்றவென்று, கொண்டுவந்து ஷூ அலமாரி மேல் வைத்தாள். வெள்ளிக்கிழமை மேலதிகாரிகள் முன்னால் அதில் வாயு நிரப்பிக் காட்டினால்தான் அவள் வேலை நிலைக்கும். நானோ முப்பத்திரண்டு வருடம் சிலிண்டர் கிடங்கில் சோதனை பார்த்தவன். கை சும்மா இருக்குமா? ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினேன். 'ணங்' என்று வர வேண்டியது 'தொப்' என்றது. திறந்தால் கழுத்துவரை மஞ்சள் பொடி! எந்தப் படுபாவி என் பெண்ணின் சிலிண்டரில் மண்ணை அள்ளிப் போட்டான் என்று பதறி, அத்தனையையும் மூடியில்லாத பிஸ்கட் டப்பாவில் கொட்டி ஷூக்களுக்கு நடுவே தள்ளிவிட்டு, சிலிண்டரைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்தேன்.

மறுநாள் பார்த்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எட்டு மாச உழைப்புப்பா! அது மண்ணு இல்ல. உலோகத்தையும் கார்பனையும் முடிச்சுப் போட்டுக் கட்டின கூடு. பூரா ஓட்டை. வாயு போயி அந்த ஓட்டைக்குள்ள ஒட்டிக்கும். அதே அழுத்தத்துல காலி சிலிண்டரைவிட மூணு மடங்கு பிடிக்கும்."

"அரிசி நிரம்பின டப்பாவுல, காலி டப்பாவைவிட அதிகமா தண்ணி பிடிக்குமாம்மா?" என்று கேட்டதுதான் தப்பு. பொடியைத் துகள் விடாமல் வாரிக்கொண்டு போனவள், இரண்டு நாளாக என்னிடம் வாய் திறக்கவில்லை. உங்கள் தங்கையோ, "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்.

உடனே புறப்பட்டு வாருங்கள். மாமன் சொன்னால் கேட்பாள். நிரம்பிய பாத்திரத்தில் இடமிருக்காது, அப்பாவின் அனுபவம் பொய்க்காது என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அவள் பேசாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான். இதில் ஒரே நன்மை, என் ஷூ நாற்றம் அடியோடு போய்விட்டது, ஏனென்று தெரியவில்லை.

வீட்டம்மாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
நல்லது செய்து கெட்ட பெயர் வாங்கிய,
உங்கள் மைத்துனன்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வர வேண்டாம். மேலே உள்ளதைக் கிழித்துப் போடுங்கள். என் ஷூ நாற்றம் முழுவதும் அந்த ஓட்டைகளில்தான் குடியேறியிருந்ததாம். பொடியை வெற்றிட அடுப்பில் சூடாக்கியதும் அத்தனையும் வெளியே கிளம்பி, ஆய்வுக்கூடமே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியிருக்கிறது. ஓட்டைகள் காலி! இன்று மூன்று மடங்கு வாயு பிடித்தது, வேலையும் நிலைத்தது. வீட்டுக்கு வந்தவள் நேரே என் முன்னால் நின்று வாயைத் திறந்தாள்: "அப்பா, முதல்ல அந்த சாக்ஸைத் துவைங்க."

துவைத்துக்கொண்டிருக்கிறேன், மச்சான். ஈரக் கையால் எழுதியது. எழுத்து கலைந்திருந்தால் மன்னிக்கவும்.