ஐந்து கட்டை மோட்டார்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அண்ணி நலம், எங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டாரும் மிக்க நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மோட்டாரின் உடம்பைப் பற்றி எதற்கு எழுதுகிறான் என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. பொறு, விஷயமே அதுதான்.

போன மாதம் குடியிருப்போர் கூட்டத்துக்கு, லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்கத்தான் போனேன். என்னை இசை விழாச் செயலாளராக்கி அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. அடுத்த மாதம் சனிக்கிழமைகளில் கீழ்த்தள ஹாலில் கச்சேரி. முதல் வாரம் புல்லாங்குழல், இரண்டாவது வாரம் மூன்றாம் மாடி வயலின் டீச்சரின் மாணவர்கள், மூன்றாவது வாரம் பாட்டு என்று அறிவிப்புப் பலகையில் நானே கொட்டை எழுத்தில் எழுதி மாட்டிய பிறகுதான், ஹாலுக்கும் மோட்டார் அறைக்கும் ஒரே சுவர் என்பது உறைத்தது. பாட ஒப்புக்கொண்டிருந்த வங்கி மேனேஜர், நல்ல கனத்த குரல், ஒத்திகைக்கு வந்து கண்ணை மூடி ஆரம்பித்தார்; மோட்டாரும் 'ம்ம்ம்' என்று ஆரம்பித்தது; அவர் ஒரு சுருதி, அது ஒரு சுருதி; கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிப் பார்த்தவர் பாட்டின் நடுவிலேயே மோட்டார் பக்கம் கட்சி மாறிவிட்டார். கண்ணைத் திறந்ததும், "சார், உங்க மோட்டாரே பாடட்டும், நான் வந்து கை தட்டறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பிளம்பரிடம் ஓடி, கச்சேரி நேரத்தில் மட்டும் அதை நிறுத்த முடியுமா என்று கெஞ்சினேன். "தாராளமா நிறுத்தலாம் சார். அப்புறம் மேல் மாடிக்காரங்க சோப்பு நுரையோட இறங்கி வந்து உங்க கச்சேரியில உக்காருவாங்க, பரவாயில்லையா?" என்றார்.

தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் வயலின் டீச்சர் வந்து சுவரில் காதை வைத்தார், வயலினை மீட்டினார், மறுபடி காதை வைத்தார். "சார், இது சுத்தமான அஞ்சு கட்டை. கொஞ்சம்கூட அசையலை. இந்தச் சுருதிக்குப் பாடறவங்க கிடைச்சா, இதைவிட ஒசந்த பக்கவாத்தியம் உங்களுக்குக் கிடைக்காது" என்றார். புல்லாங்குழல்காரர் ஐந்து கட்டைக் குழலை எடுத்து வருகிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். டீச்சரின் மாணவர்கள் மோட்டாருக்கே கம்பியை முறுக்கிக்கொண்டார்கள். பாக்கி, பாட்டு. ஐந்து கட்டையில் பாடுகிறவர் யார் என்று எல்லோரும் யோசித்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. நீ பாடுவது ஐந்து கட்டையில்தானே.

கல்யாண மண்டபத்தில் அன்றைக்குக் கரண்ட் போய், சுருதிப் பெட்டி பாதியில் வாயை மூடியதும், நீ தடுமாறியதும், முன்வரிசையில் எவனோ சிரித்ததும் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு குளியலறையில்கூட உன் குரல் கேட்பதில்லை என்று மாப்பிள்ளை என்னிடம் வருத்தப்பட்டார். கேட்டால், "சுருதி எப்ப நிக்குமோன்னு பயமா இருக்குண்ணே, காலுக்குக் கீழ தரையே இல்லாத மாதிரி" என்கிறாய். தங்கச்சி, இந்த மோட்டார் நிற்காது. கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஓடும். நிறுத்தச் சொல்லி நானே கெஞ்சிப் பார்த்துவிட்டேன், நிற்கவில்லை. இதைவிட உத்தரவாதம் யார் தருவார்கள்? உன் அண்ணி ஒருத்தியைத்தான் இத்தனை விடாப்பிடியாக நான் பார்த்திருக்கிறேன். அவளோ, "உங்க வாயை விடவா? ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாத மனுஷன்" என்கிறாள்.

நான் உன்னை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் வரமாட்டாய் என்பதால் மட்டுமே வற்புறுத்தவில்லை. பலகையில் மூன்றாவது சனிக்கிழமைக்கு எதிரே உன் பெயர் அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். அந்த வெற்றிடத்தைப் பார்க்காமல் என்னால் மாடி ஏற முடியவில்லை. லிஃப்ட் வேறு இல்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். தொண்டை கட்டாமல், மனசு கலங்காமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மோட்டார் எரிந்துவிட்டது. புது மோட்டார் போட்டாயிற்று. "பாருங்க சார், ஓடறதே தெரியாது" என்று பிளம்பர் பெருமையாகச் சொன்னபோது அவரை அடிக்கப் போய்விட்டேன். ஆகவே மேலே எழுதிய உத்தரவாதம் எதுவும் இப்போது செல்லாது. ஆனால் வயலின் டீச்சர் ஒரு தம்புரா வைத்திருக்கிறார். எனக்குச் சங்கீதக் காது கிடையாது என்று உனக்குத் தெரியும். "சுருதி நான் சேர்த்துத் தர்றேன் சார், நீங்க கம்பியை வரிசையா மீட்டிக்கிட்டே இருந்தா போதும்" என்றார். அன்றிலிருந்து விரல் சிவக்கச் சிவக்க மீட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணி நிறுத்தச் சொல்கிறாள், கீழ்வீட்டுக்காரர் நிறுத்தச் சொல்கிறார், நான் நிறுத்தவில்லை. கரண்ட் போகட்டும், யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும், நீ பாடி முடிக்கிற வரைக்கும் அண்ணன் உன் பின்னாலேயே உட்கார்ந்திருப்பேன். வாம்மா.