கேட்டுவிட்டுத்தான் கழற்றுவார்

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, தண்ணீர்க் குழாயை மூடுவதற்கு முன் குழாயிடம் அனுமதி கேட்கிற மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர்தான் எங்கள் சேஃப்லி சார். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அவரோடு ஒரு வாரம் வேலை பார்த்திருக்க வேண்டும். நான் பல வருடம் பார்த்தேன்.

மறைமலைநகரில் காருக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவருக்கு ஸ்டோர்ஸ் பொறுப்பு. எதிர் மேசையில் டிஸ்பாட்ச் கிளார்க்காக நான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டிலும் அடையாள அட்டையிலும் மட்டும் இருந்தது, மற்ற இடத்திலெல்லாம் சேஃப்லிதான். கம்ப்யூட்டரில் சொருகிய பென் டிரைவை யாராவது அப்படியே உருவினால் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவார். திரையின் மூலையில் இருக்கிற சின்னப் படத்தை அழுத்தி, ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்து, ‘இனி கழற்றலாம்’ என்று கம்ப்யூட்டர் வாயால் சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும்.

“நீ துன்னுகினு கீற சொல்லோ எவனாச்சும் எலைய உருவினா சும்மா இருப்பியாம்மா?” என்பார்.

“நான் மனுஷி சார். அது மிஷின்.”

“அதுக்கு வாய் இல்லன்னு தானே புடுங்கற?”

எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. கம்மி என்ன, கிடையாது. அவருக்கு எதிரே என்னை உட்கார வைத்தது யார் என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பென் டிரைவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சுவர்க் கடிகாரத்துக்கு பாட்டரி மாற்றச் சொன்னால், நொடி முள் பன்னிரண்டுக்கு வரும்வரை ஸ்டூல் மேல் நின்று காத்திருப்பார். அதற்குள் பாதியில் நிறுத்தக் கூடாதாம். ஆபீஸ் போனை ஒரு நாளும் தானாக வைத்ததில்லை. “உங்க பக்கம் எல்லாம் முடிஞ்சிச்சா? இன்னும் எதுனா கீதா? வெச்சிரலாமா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருமுறை கிரெடிட் கார்டு விற்கக் கூப்பிட்ட பெண், கடைசியில் அழாத குறையாக, “சார், ப்ளீஸ், நீங்களே வைங்க சார்” என்று கெஞ்சியது ஆபீஸ் முழுக்கக் கேட்டது. அதன் பிறகு எந்த பேங்கும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

கேட்டிலேயே செக்யூரிட்டி எங்கள் போன்களை வாங்கி வைத்துக்கொள்வார். கேமரா இருக்கிறதாம். ஆகவே சேஃப்லி சார் கழுத்தில், அடையாள அட்டைக்குப் பக்கத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு பழைய மியூசிக் பிளேயர் தொங்கும். சதுரங்கப்பட்டினத்தில் கம்பெனி பஸ் ஏறும்போது காதில் மாட்டினால் மறைமலைநகர் வரை கழற்ற மாட்டார். தினமும் அதே பாட்டுகள், அதே வரிசையில்.

அதில்தான் ஒரு விசித்திரம். நான் செங்கல்பட்டில் ஏறி உட்கார்ந்து கண் அசரும் நேரம், கொளவாய் ஏரி ஓரமாகப் பஸ் போகும்போது, அவர் கண்ணை மூடியபடியே சத்தமாக, “இருடா... இரு” என்பார். புதிதாக வந்த டிரைவர் முதல் நாள் பிரேக்கை ஒரே மிதி மிதித்தார். என் டிபன் பாக்ஸ் முன் சீட்டுக்குப் போனது.

“இன்னா அண்ணாத்த, எதுக்கு நிறுத்த சொன்ன?”

“நானா? நான் ஒண்ணும் சொல்லலியே நைனா.”

மறுநாளும் “இருடா.” மறுநாளும் பிரேக். எதற்கும் இருக்கட்டும் என்று டிரைவர் அங்கே தினமும் வண்டியை நிறுத்தத் தொடங்கினார். நாளடைவில் அந்த இடத்தில் ஆட்கள் ஏறி இறங்கிப் பழகிவிட்டார்கள். யாரிடம் அப்படிச் சொல்கிறார் என்று கேட்டால் மனிதர் சிரித்து மழுப்பிவிடுவார்.

ஆயுத பூஜை வந்தால் பொட்டு வைக்கிற உரிமை அவருக்குத்தான். அவர் சர்ச்சுக்குப் போகிறவர், ஆனால் சந்தனம் குழைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஃபோர்க்லிஃப்ட், எடை மெஷின், கத்தரிக்கோல், என் ஸ்டேப்ளர் என்று ஒன்றையும் விட மாட்டார். ஒரு வருடம் கழுத்தில் இருந்த பிளேயரையும் கழற்றினார், அதனிடம் கேட்டுவிட்டுத்தான். “இதும் எட்டு மணி நேரம் டூட்டி பாக்குதும்மா” என்று சொல்லி, திரை அழுக்காகிவிடக் கூடாது என்று அதன் அடிப்பக்கத்தில் பார்த்துப் பார்த்துச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தார். நான் அப்போது பொரி தின்றுகொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை. முகமெல்லாம் வெளுத்துப்போய் வந்து நின்றார்.

“அம்மா, இது பேச மாட்டேங்குதும்மா.”

பிளேயர் அணைந்து கிடந்தது. சார்ஜ் ஏறவில்லை. போனால் போகிறது, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். திங்கட்கிழமை அவர் மகள் ஷீலாவுக்கு சதுரங்கப்பட்டினம் சர்ச்சில் கல்யாணம். பெண் வாசலிலிருந்து உள்ளே நடந்து வரும்போது வாசிக்க ஒரு இசை வேண்டும். அந்த இசை இதற்குள் இருக்கிறது. ஷீலா குழந்தையாக இருந்தபோதே, ‘உன் கல்யாணத்துக்கு இதான்டி’ என்று அவளுடைய சித்தப்பா, அதாவது இவர் தம்பி, கீபோர்டில் வாசித்தது. பிளேயரில் இருக்கிற ரெக்கார்டரை இவர் கையில் பிடித்துக்கொண்டு பதிவு செய்தது. தம்பி இப்போது இல்லை.

“பென் டிரைவுல போட்டுக் குடு, பிளே பண்றேன்னு சர்ச்சுல மைக்செட்டுக்காரன் சொல்லிகினு கீறாம்மா.”

“இத்தனை வருஷமா ஒரு காப்பிகூட எடுத்து வைக்கலியா சார்?”

“காப்பி எடுக்கணும்னா கம்ப்யூட்டர்ல சொருகணும். சொருகினா கழட்டணுமேம்மா.”

தலையில் அடித்துக்கொள்ள நான் கையைத் தூக்கியபோது அவர் மெதுவாகச் சொன்னார். “அவன் வாசிச்சது நெறைய இருந்துச்சும்மா. எல்லாம் ஒரு பென் டிரைவுல. செங்கல்பட்டுல ஒரு பிரவுசிங் சென்டர்ல காப்பி ஏறிகினு இருந்துச்சு. பஸ்ஸு வந்துச்சுன்னு சட்டுனு புடுங்கினேன். அல்லாம் பூட்ச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்.”

தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்டேப்ளரை எடுத்தேன்.

அன்றிலிருந்து டிஸ்பாட்ச் வேலை நின்றது. என் கம்ப்யூட்டரில் சொருகினோம், கண்டுகொள்ளவில்லை. கேபிளை மாற்றினோம். முன்னால் இருக்கிற ஓட்டையை விட்டுப் பின்னால் இருக்கிற ஓட்டையில் சொருகினோம். ஆளாளுக்கு வாயால் ஊதினார்கள். பேக்கிங் செக்‌ஷன்காரர் ரப்பரால் தேய்த்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். மேனேஜர் வந்து, “டிரைவர் அப்டேட் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

கடைசியில் ஹெல்ப் டெஸ்க்குக்கு போன் போட்டோம். எங்கள் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் சிறுசேரியில் ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்பீக்கரில் ஒரு பையன் பணிவாகப் பேசினான்.

“சார், இது ரிப்பேர் இல்ல. உங்க யூனிட்ல யூ.எஸ்.பி.ல பென் டிரைவ் மாதிரி எதுவும் ஏறாதபடி முந்தாநாள் பிளாக் பண்ணிட்டோம்.”

சேஃப்லி சார் கொதித்துப்போனார். “எந்த அறிவாளி பண்ண சொன்னான்?”

“உங்க யூனிட்ல இருந்துதான் சார் கம்ப்ளெய்ன்ட். ‘ஊழியர்கள் அனுமதி கேட்காமல் பிடுங்குகிறார்கள், இது பேரபாயம்’னு ஒருத்தர் விடாம மெயில் போட்டுட்டே இருந்தார்.”

“அவன் பேரச் சொல்லு.”

பையன் படித்தான். சேஃப்லி சாருடைய சொந்தப் பெயரை ஒருவர் வாயால் அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். “செரிப்பா. நல்ல காரியம்தான் பண்ணிகீறீங்கோ. உங்க பக்கம் எல்லாம் முடிஞ்சிச்சா, வெச்சிரலாமா?” என்றார் சேஃப்லி சார்.

மேனேஜர் கையில் காலில் விழுந்து சனிக்கிழமை அந்தத் தடையை நீக்க வைத்தோம். ஆபீஸே சுற்றி நிற்க, சொருகினார். பேக்கிங்காரரின் பென் டிரைவ் தெரிந்தது, பிளேயர் மட்டும் கல்லு மாதிரி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரே அதை மாமல்லபுரத்தில் ஒரு மொபைல் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரன் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், “இது பூட்ச்சு அண்ணாத்த, அப்டியே கடல்ல போட்டுட்டு வூட்டுக்குப் போ” என்றானாம். இதை போனில் என்னிடம் சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை. அன்று ‘வெச்சிரலாமா’ என்று கேட்காமலே வைத்துவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, பஸ்ஸில் வருகிற நாங்கள் ஒரு வேன் பிடித்தோம். எங்கள் டிரைவரே ஓட்டினார். மடியில் என் லேப்டாப்.

கல்யாண வீட்டில் ஷீலா வெள்ளைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். தலையில் பியூட்டிஷியன் ஏதோ குத்திக்கொண்டிருந்தார். நான் பிளேயரைச் சொருகிப் பார்த்தேன், உருவினேன், திரும்பச் சொருகினேன். சேஃப்லி சார் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எரிச்சலில் அதை மேசைமேல் ஒரு தட்டு தட்டினேன்.

ஷீலா மூக்கை உறிஞ்சினாள். “இன்னாப்பா, இதுல சந்தன வாசனை வருது?”

எடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கேபிள் போகிற ஓட்டைக்குள் ஆயுத பூஜை காய்ந்து கிடந்தது. நாங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிக் கேபிளைச் சொருகி, அதை உள்ளே கெட்டித்து வேறு வைத்திருந்தோம்.

“சார், பொட்டு வைக்க வேற இடமே கெடைக்கலியா உங்களுக்கு?”

“ஸ்கிரீன் கெட்டுடும்னு பார்த்தேம்மா...”

பியூட்டிஷியன் கையிலிருந்த ஹேர்பின்னைப் பிடுங்கி, ஆமாம், கேட்காமல்தான் பிடுங்கினேன், சுரண்டினேன். காய்ந்த சந்தனம் தூளாகக் கொட்டியது, கொஞ்சம் குங்குமமும் வந்தது. ஊதிவிட்டுச் சொருகினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு லேப்டாப் ‘டிங்’ என்றது. என் ஆயுளில் எந்தச் சத்தத்துக்கும் அப்படி மகிழ்ந்ததில்லை.

பென் டிரைவில் காப்பி ஏறியது. சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தோம். முதல் வரி வந்ததுமே ஷீலா கண் கலங்க, “மை கரையும், நிறுத்துங்க!” என்று பியூட்டிஷியன் அலற, நிறுத்தினோம். சர்ச்சில் மணி அடித்தார்கள். நான் பென் டிரைவில் கை வைத்தேன். சேஃப்லி சார் என் கையைப் பிடித்தார்.

‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்துக் கேட்டோம். ‘இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்றது லேப்டாப்.

“சார், மணி அடிச்சாச்சு! ஃபைல் ஏறிடுச்சு சார், உருவிடலாம்!”

“பஸ்ஸு வந்துச்சுன்னு ஒருதபா உருவினேம்மா. இப்ப அது வேலை முடியட்டும்.”

லேப்டாப்பில் திறந்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மூடினேன். வாசலில் போதகர் அனுப்பிய ஆள் வந்து நின்றார். அவரும் எங்களோடு காத்து நின்றார். கல்யாணப் பெண்ணும் நின்றாள். ‘இனி கழற்றலாம்’ என்று வந்த பிறகுதான் சேஃப்லி சார் அதை இரண்டு விரலால் எடுத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினார்.

சர்ச்சில் ஸ்பீக்கர் வழியாக அந்தத் தம்பி வாசித்தார். சாதாரணக் கீபோர்டுதான். நடுவில் ஒரு காக்காய் சத்தம்கூட இருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஷீலா நடந்து வந்து பீடத்துக்கு முன்னால் நின்றாள். இசை முடிந்தது. மைக்செட்டுக்காரர் நிறுத்தவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு சர்ச் முழுக்க ஒரு இளம் குரல்:

“போதுமா அண்ணாத்த? நிறுத்திரட்டா?”

பதிவில் அதற்குப் பதில் இல்லை. பதிவு செய்த அன்று சேஃப்லி சார் அந்த இடத்தில் பட்டனை அழுத்தி நிறுத்தியிருக்கிறார். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, பீடத்துக்கு முன்னால் நின்றபடி, எங்கள் சேஃப்லி சார் பதில் சொன்னார்.

“இருடா... இரு.”

போதகர் பைபிளைத் திறக்காமல் நின்றார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் கைக்குட்டையைத் தேடினார். “இதுக்குத்தான் இத்தினி நாளா பிரேக்கு போட்டேனா நானு?” என்றார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

போன மாதம் சேஃப்லி சார் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, கேக் வெட்டி, எல்லாம் ஆனது. பிறகு ஒவ்வொரு மேசையாகப் போய், “கெளம்பலாமா? உங்க பக்கம் எல்லாம் முடிஞ்சிச்சா?” என்று கேட்டார். எல்லோரும் சரி என்றார்கள். கடைசியில் என் மேசைக்கு வந்தார். வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இல்ல சார். இன்னும் வேலை ஓடிட்டிருக்கு. கொஞ்சம் இருங்க” என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.